குமுளி ஹோட்டல்களுக்குள் நுழைய வழி: சிம்னி

வாசகி கேள்வி:

"கம்பத்தில் இருக்கிறேன். தேக்கடியில் ஒரு ரிசார்ட்டில் ஆறு வருடம் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக வேலை பார்த்தேன். இப்போது என்னோடு வேலை பார்த்த இரண்டு பெண்களையும் என் தம்பியையும் சேர்த்துக்கொண்டு சொந்தமாகக் கிளீனிங் தொழில் தொடங்கியிருக்கிறேன். பிரஷர் வாஷர், தரை தேய்க்கும் மெஷின், வேக்குவம் எல்லாம் வாங்கியாயிற்று. கம்பம், கூடலூர், எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இருக்கும் குமுளி ஹோட்டல்களில் ஏறி இறங்கி, 'எல்லா வகை சுத்தமும் செய்து தரப்படும்' என்று கார்டு கொடுத்தேன். 'எங்க பசங்களே பண்ணிருவாங்க', 'சொல்லி அனுப்புறோம்' என்பதோடு சரி. ஒரே ஒரு ஹோட்டல்காரர் செப்டிக் டேங்க் சுத்தம் செய்து தருவீர்களா என்று கேட்டார். அதையாவது எடுக்கலாமா? கடன் வாங்கி ஆம்னி வேன் எடுத்தால் தொழில் பெருகும் என்கிறான் தம்பி. என்ன செய்வது?"

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

செப்டிக் டேங்க் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எடுக்காதீர்கள். எவ்வளவு பணம் தருகிறேன் என்றாலும், 'மேலே நின்று மோட்டார் போட்டால் போதும்' என்றாலும் எடுக்காதீர்கள். மூடிய தொட்டிக்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடிவிட்டால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. இறங்கியவர் சுருண்டு விழுவார், அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் இறந்ததாக நாம் படிக்கிற செய்திகள் பெரும்பாலும் இப்படி நடந்தவைதான். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இப்படி இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்களை நம்பி வந்திருக்கும் அந்த இரண்டு பெண்களையும் தம்பியையும் நினைத்துக்கொள்ளுங்கள். கேட்ட முதலாளியிடம், உள்ளாட்சி அனுமதி பெற்ற கழிவுநீர் லாரியின் போன் நம்பரை வாங்கிக் கொடுத்துவிடுங்கள். வேலையை மறுத்தாலும் வழி சொன்னவர் என்று அவர் உங்களை மறக்க மாட்டார்.

இனி ஹோட்டல்களுக்கு வருவோம்.

'எல்லா வகை சுத்தமும்' என்ற கார்டைப் படிக்கிற முதலாளிக்குக் கண்முன் வருவது தரை துடைப்பதும் பாத்திரம் கழுவுவதும்தான். அதற்கு அவரிடம் ஆள் இருக்கிறது. அசாமிலிருந்தோ வங்காளத்திலிருந்தோ வந்த பையன்கள் கடைக்கு மேலேயே தங்கி, கடையிலேயே சாப்பிட்டு, அடைக்கிற நேரத்தில் தரையைக் கழுவிவிட்டுப் படுக்கிறார்கள். சம்பளம் கொடுத்து முடித்த வேலைக்கு இன்னொரு முறை யாரும் பணம் தரமாட்டார்கள். 'எங்க பசங்களே பண்ணிருவாங்க' என்பதில் பொய் ஒன்றும் இல்லை. ஆகவே, அந்தப் பசங்களால் செய்ய முடியாத வேலை எது என்று தேடுங்கள்.

என் கணக்கில் அது சிம்னி. அடுப்புக்கு மேலே இருக்கும் ஹூட், அதிலிருந்து கூரைக்குப் போகும் டக்ட், மேலே சுற்றும் எக்ஸாஸ்ட் ஃபேன் என்று மூன்றையும் சேர்த்தே சொல்கிறேன். பரோட்டாக் கல்லிலிருந்தும் பொரிக்கிற சட்டியிலிருந்தும் எழும் எண்ணெய் ஆவி ஹூட்டில் இருக்கும் பில்டரில் கொஞ்சம் படியும், மீதி உள்ளே போய் டக்ட்டின் சுவரிலும் ஃபேன் றெக்கையிலும் ஒட்டும். பையன்கள் பில்டரைக் கழற்றி எப்போதாவது வெந்நீரில் அலசுவார்கள். பில்டருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று மாட்டிய நாளிலிருந்து யாரும் எட்டிப் பார்த்திராத கடைகள் ஏராளம். முதலாளிக்குத் தெரிவது விளைவு மட்டும்தான்: புகை வெளியே போகாமல் சாப்பிடுகிறவர் கண்ணை எரிக்கிறது, மோட்டார் அடிக்கடி எரிகிறது, ஹூட் விளிம்பிலிருந்து கறுப்பாகச் சொட்டுகிறது. அவர் யோசிக்காத ஒன்று தீ. வறுவல் போடும்போது சட்டியிலிருந்து மேலெழும் தீயை ஃபேன் இழுத்தால், டக்ட்டுக்குள் கெட்டியாகப் படிந்திருக்கும் பிசுக்கு முழுவதும் எரிபொருள்தான். எண்ணெய்த் தீயில் தண்ணீரை ஊற்றினால் பரவும். சிலிண்டர் வரிசையும் பக்கத்திலேயே இருக்கும்.

இதற்கு இடைவெளிக் கணக்கு ஒன்று உண்டு. சமையலறைப் புகைபோக்கிகளுக்கு என்.எஃப்.பி.ஏ. 96 என்று ஓர் அமெரிக்கத் தரநெறி இருக்கிறது. ஹோட்டல் துறையில் பல நாடுகளில் அதை எடுத்துக்காட்டுவார்கள். விறகு, கரி அடுப்பு என்றால் மாதம் ஒருமுறை திறந்து பார்த்து, பிசுக்கு இருந்தால் சுத்தம் செய்ய வேண்டும். நாள் முழுக்க, கனமாகச் சமைக்கிற இடத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. நடுத்தரமாகச் சமைக்கிற இடத்தில் ஆறு மாதம். அபூர்வமாக அடுப்பு பற்றவைக்கிற இடத்தில் ஆண்டுக்கு ஒன்று. நம் பக்கத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். கம்பத்தில் விறகில் தம் போடும் பிரியாணிக் கடை, குமுளியில் கரியில் அல்ஃபாம் சுடும் கடை, இரண்டும் மாதக் கணக்கு. நள்ளிரவு வரை பரோட்டா ஓடுகிற கடை மூன்று மாதம். மதியச் சாப்பாடும் இரண்டு வேளை டிபனும் போடும் சைவ ஹோட்டல் ஆறு மாதம். ஒருமுறை உள்ளே போய்விட்டால், அடுத்து எப்போது வருவீர்கள் என்பது அப்போதே முடிவாகிவிடும். தினமும் ஆள் தேடி அலைகிற தொழிலாக இல்லாமல், தேதி பார்த்துப் போகிற தொழிலாக இது மாறுவது இங்கேதான்.

எப்படி உள்ளே போவது? கார்டை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். மதியக் கூட்டம் ஓய்ந்து, மாலை டீக்கு முன்னால் மூன்றரை மணியிலிருந்து ஐந்து மணிக்குள் போங்கள். கல்லாவில் இருப்பவரிடம் ஒரே ஒரு கேள்வி: "சிம்னி பில்டர் ஒண்ணு கழட்டிக் கொடுங்க, இலவசமா கழுவித் தர்றேன்." ஒன்றை மட்டும் எடுங்கள். கொண்டுவந்த டப்பில் வெந்நீரும், பிசுக்கைக் கரைக்கும் டிகிரீசரும் ஊற்றி ஊறவைத்துத் தேய்த்து, கழுவாத பில்டர்களுக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். பில்டர் வெளியே இருக்கும்போது டார்ச்சை உள்ளே அடித்து, முதலாளியின் போனிலேயே போட்டோ எடுத்துக் கொடுங்கள். உங்கள் போனில் எடுத்தால், இதை வைத்து என்ன செய்வாளோ என்று அவர் மனதில் ஒரு சந்தேகம் வரும். பேச வேண்டியதை அந்த போட்டோவே பேசிவிடும். முழு ஹூட்டையும் இலவசமாகச் செய்து காட்டாதீர்கள். இலவசமாக வந்த வேலைக்கு அப்புறம் விலை சொல்வது மிகக் கஷ்டம்.

உள்ளே இரண்டு பேரின் மனம் கோணாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருவர் மாஸ்டர். "கிச்சன் எவ்வளவு அழுக்கு" என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து வந்தால் அந்தக் கடையை மறந்துவிடலாம். அது அவர் ராஜ்ஜியம். "மாஸ்டர், புகை திரும்பி உங்க முகத்துலதானே அடிக்குது? அதுக்குத்தான் வந்தேன்" என்று அவரிடமே ஆரம்பியுங்கள். இரவெல்லாம் அந்தப் புகையில் நிற்பவர் அவர்தான், உங்களுக்காக முதலாளியிடம் பேசுகிறவரும் அவராகத்தான் இருப்பார். இன்னொருவர் கிளீனர் பையன். தன் வேலை போய்விடுமோ என்று பயப்படுவான். அப்படி இல்லை என்று அவனிடமே சொல்லுங்கள். வாரம் ஒருமுறை பில்டரை எப்படிக் கழுவுவது என்று கற்றுக்கொடுங்கள். குமுளியில் முதலாளிகளில் மலையாளிகள் அதிகம் என்பதால், விலைப்பட்டியலையும் வேலை விவரத்தையும் மலையாளத்தில் ஒரு பக்கம் அடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உணவுப் பாதுகாப்புச் சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்தி வேலை பிடிக்கலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். வேண்டாம். கேரளத்தில் 2022இல் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட மாணவி இறந்த பிறகு சோதனைகள் கூடின. 2023இல் ஹோட்டல் தொழிலாளர்களுக்கு ஹெல்த் கார்டு கட்டாயமாக்கினார்கள். அங்கே கடை நடத்துகிறவர் ஏற்கெனவே பயத்தில்தான் இருக்கிறார். அவருக்கு நீங்கள் கைகொடுக்க முடியும். மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் ஹோட்டல் ஆய்வுப் பட்டியல் 114 மதிப்பெண்ணுக்கானது, இணையத்தில் எவரும் எடுக்கலாம். அதில் சுத்தம், வடிகால், காற்றோட்டம், பூச்சி தொடர்பான வரிகளுக்கு அடையாளம் போட்டு, முதலாளியோடு ஒரு சுற்று நடந்து காட்டுங்கள். வேலை முடிந்ததும் தேதி, செய்த வேலை, பயன்படுத்திய ரசாயனம், அடுத்த தேதி எழுதிய ஒரு தாளைச் சமையலறையில் மாட்டுங்கள். அதிகாரி வரும்போது எடுத்துக் காட்ட ஒரு பதிவு இருப்பது முதலாளிக்குப் பெரிய ஆறுதல். பூச்சி மருந்து அடிக்கச் சொன்னால் மட்டும் நீங்களே இறங்காதீர்கள். அதற்குப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி தனி லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் உள்ள ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவரும் உங்களுக்குக் கடைகளைச் சொல்வார்.

நீங்கள் தேடிப் போவதைவிட, உங்களைச் சொல்லி அனுப்பக்கூடியவர்கள் முக்கியம். ஹூட்டும் டக்ட்டும் செய்து மாட்டும் ஸ்டீல் ஃபேப்ரிகேஷன் பட்டறைக்காரர், மோட்டார் கட்டிக் கொடுப்பவர், ஃப்ரிட்ஜ் மெக்கானிக், ஹோட்டல்களுக்கு உணவு லைசென்ஸ் புதுப்பித்துக் கொடுக்கும் வரி ஆலோசகர். இந்தக் கடைசி ஆள்தான் தங்கம். எந்தக் கடைக்குத் திருத்த நோட்டீஸ் வந்திருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும், அந்த வாரத்தில் அந்தக் கடை எந்த விலையையும் மறுக்காது. அப்படிப்பட்ட நேரத்தில் விலையை ஏற்றாமல் வழக்கமான விலையே வாங்குங்கள். கேரளத்தில் ஹோட்டல் உரிமையாளர் சங்கம் ஊர் ஊராகக் கிளை வைத்து இயங்குகிறது. குமுளி வட்டாரக் கூட்டத்தில் பத்து நிமிடம் கேட்டு வாங்கி அந்த பில்டர் வித்தையைச் செய்து காட்டுங்கள்.

காலம் பார்த்துப் போவதும் இதில் பாதி. கார்த்திகை பிறந்து மகரவிளக்கு முடியும்வரை குமுளி வழியாக ஐயப்ப பக்தர்கள் கூட்டம். அடுப்பு அணைவதே இல்லை, யாரும் உங்களோடு பேச மாட்டார்கள். மலைப்பாதையில் போக்குவரத்தை ஒருவழியாக்கி வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவதும் உண்டு. ஆகவே 'சீசனுக்கு முன்னால் சிம்னியைச் சரிபண்ணிடுங்க' என்று அக்டோபரில் போக வேண்டும். அடுத்த சுற்று ஜனவரிக் கடைசியில். நோன்பு மாதத்தில் பகலில் அடைத்திருக்கும் கடைகளில் பகலிலேயே வேலை செய்யலாம். ஜூன், ஜூலை மழையில் தேக்கடிக்கு ஆள் வரத்து குறையும். முதலாளியிடம் நேரம் இருக்கும், காசு இருக்காது. அப்போது பெரிய வேலையைச் செய்துகொடுத்து இரண்டு மூன்று தவணையாக வாங்கிக்கொள்வது, ஏற்கெனவே பழகிய கடைகளோடு மட்டும்.

விலை. பல பேர் இந்தத் தொழிலில் மூழ்குவது இங்கேதான், ஆகவே கணக்கைப் போட்டே காட்டுகிறேன். மூன்று பேருக்கு இரவுக் கூலி ஆளுக்கு 800 வீதம் 2,400. வண்டி வாடகை 700. டிகிரீசர், பாலித்தீன் விரிப்பு, கையுறை 500. மெஷின் தேய்மானம் 300. ஆக 3,900. உங்கள் மேற்பார்வையும் லாபமும் சேர்த்து 5,000. இந்த எண்கள் நான் உதாரணத்துக்குப் போட்டவை, உங்கள் ஊர் நிலவரத்தை வைத்துத் திருப்பிப் போடுங்கள். வேலை பிடிக்க வேண்டுமே என்று 2,000 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டால், ஒவ்வொரு ஹூட்டுக்கும் உங்கள் கையிலிருந்து 1,900 போகிறது. அந்த விலையை அப்புறம் ஏற்றவும் முடியாது. ஒரே இரவில் பக்கத்துப் பக்கத்துக் கடை இரண்டு கிடைத்தால் வண்டிச் செலவு பாதியாகும். அதனால் மூன்று ஊரிலும் சிதறாமல், முதலில் குமுளி பஸ் நிலையத்திலிருந்து தேக்கடி போகும் சாலை ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜி.எஸ்.டி.யில் உங்களுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. சாதாரண ஹோட்டல்கள் சாப்பாட்டுக்கு 5 சதவீதம் வரி வாங்குகின்றன. அந்த முறையில், தாங்கள் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை இல்லை. கிளீனிங் சேவைக்கு வரி 18 சதவீதம். பதிவு பெற்ற கம்பெனி 5,000 ரூபாய் வேலைக்கு 5,900 பில் போட்டால் அந்த 900 முதலாளிக்கு முழுச் செலவு. உங்கள் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டாத வரை சேவைத் தொழிலுக்குப் பதிவு கட்டாயமில்லை. எல்லை தாண்டி வேறு மாநிலத்தில் சேவை செய்தாலும் 2017 அக்டோபரிலிருந்து இந்த விலக்கு உண்டு. ஆனால் சரக்குக்கு அது பொருந்தாது. பினாயிலும் டிகிரீசரும் தனியாக பில் போட்டுக் குமுளிக் கடைகளுக்கு விற்க ஆரம்பித்தால், ஒரு ரூபாய் விற்றாலும் பதிவு வேண்டும். கம்பத்தில் ஒரு ஆடிட்டரிடம் இதை நேரில் உறுதிசெய்துகொள்ளுங்கள். அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கும் பெரிய ரிசார்ட்டுகளின் கதை வேறு. அங்கே ரெஸ்டாரன்ட்டுக்கும் 18 சதவீதம், கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம், ஆகவே ஜி.எஸ்.டி. பில்தான் கேட்பார்கள், பணமும் தாமதமாக வரும். நீங்கள் பழகிய இடம் என்று முதலில் அங்கே போகத் தோன்றும். ஒரு வருடம் கழித்துப் போங்கள்.

முதல் வேலைக்குக் கையில் காசு. பிறகு மாதக் கணக்கு. ஒரு பில் பாக்கி நிற்கும்போது அடுத்த வேலையைச் செய்யாதீர்கள், எவ்வளவு பழக்கம் ஆனாலும்.

வேலை செய்கிற முறையில் சிலவற்றைக் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு அணைந்து ஹூட் ஆறிய பிறகுதான் கை வைக்க வேண்டும். கேஸ் மெயின் வால்வை மூடி, ஃபேன் சுவிட்சை அணைத்து, 'ஆள் வேலை செய்கிறார்' என்று அட்டை மாட்டி, ஒருவரை அங்கே நிறுத்துங்கள். பில்டர் அலுமினியமா ஸ்டீலா என்று பார்க்காமல் காஸ்டிக் சோடா போடாதீர்கள். அலுமினியத்தை அது அரித்துவிடும், தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும். ப்ளீச்சிங் பவுடரையும் டாய்லெட் ஆசிட்டையும் ஒரே வாளியில் கலக்கக்கூடாது. அதில் வருவது குளோரின், நுரையீரலைப் பொசுக்கும். ஆள் ஒவ்வொருவருக்கும் பிரதமர் விபத்துக் காப்பீட்டை வங்கியில் போட்டுவிடுங்கள். வருடத்துக்கு 20 ரூபாய்தான், விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் கிடைக்கும்.

இரவு வேலை முடித்து, பெண்களை வைத்துக்கொண்டு மூடுபனியில் லோயர் கேம்ப் இறக்கத்தில் இரண்டு மணிக்கு வராதீர்கள். விலை பேசும்போதே தங்க ஓர் அறை கேளுங்கள். குமுளியில் ஹோட்டல்காரருக்கு அது சிரமமில்லை. அறை தராத கடைக்கு மாலை இடைவேளையில் பாதி, மறுநாள் பாதி என்று பிரித்துச் செய்யலாம்.

சுரண்டி எடுத்த பிசுக்கு எங்கே போகும் என்பதையும் வேலை தொடங்குவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். சாக்கடை அடைப்பு, கழிவுநீரில் வரும் எண்ணெயைப் பிடிக்கும் கிரீஸ் டிராப் தொட்டி சுத்தம் என்று அடுத்தடுத்து வேலை கேட்பார்கள், அதில் வரும் சேறும் சேரும். எழுத்தில் சொல்லுங்கள்: கழிவு உங்கள் கடைக் கழிவு, உங்கள் பஞ்சாயத்து ஏற்பாட்டில் நீங்கள் ஒப்படைக்க வேண்டும், நாங்கள் மூட்டை கட்டி வைப்போம். ஒரு வாளிகூட உங்கள் வண்டியில் மலை இறங்கக் கூடாது. கேரளக் கழிவை நம் எல்லை ஊர்களில் கொட்டுவதைப் பார்த்துக் கொதிக்கிறவர்கள் நாம். 2024இல் திருநெல்வேலிப் பக்கம் கொட்டிய ஆஸ்பத்திரிக் கழிவை, பசுமைத் தீர்ப்பாயம் சொன்ன பிறகுதான் லாரி வைத்துத் திரும்ப அள்ளிப் போனார்கள். நம் கையாலேயே நம் பள்ளத்தாக்குக்கு அதைக் கொண்டுவரக் கூடாது. பழைய பொரித்த எண்ணெய் வேறு விஷயம். பயோடீசலுக்கு அதை வாங்கிப்போக எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. ஏற்பாட்டில் பதிவு பெற்ற ஆட்கள் இருக்கிறார்கள், ஹோட்டல்காரருக்கு அதில் காசும் கிடைக்கும். அவர்கள் தொடர்பை வாங்கிக் கொடுத்தால் உங்கள் மேல் மதிப்பு கூடும்.

வேனுக்குக் கடன் இப்போது வேண்டாம். மாதத்தில் பாதி நாளாவது வண்டி ஓடினால்தான் தவணை கட்டுப்படியாகும், அதுவரை வாடகை ஆம்னி ஒன்றைப் பேசி வைத்தால் போதும். இருக்கிற மெஷின்களோடு இன்னும் தேவைப்படுவது உறுதியான ஏணி, நெற்றி விளக்கு, நீளப் பிடி உள்ள சுரண்டிகள், ஊறவைக்கப் பெரிய டப். மத்திய அரசின் முத்ரா திட்டத்தில் சிசு வகைக் கடனாக 50,000 வரை கிடைக்கும், அதில் ஒரு பகுதியே இதற்குப் போதும். பல டக்ட்டுகளில் உள்ளே கை நுழையத் திறப்பே வைத்திருக்க மாட்டார்கள். ஆகவே தம்பியைக் கொஞ்ச நாள் அந்த ஃபேப்ரிகேஷன் பட்டறையில் உதவியாளாக நிற்கச் சொல்லுங்கள். டக்ட்டை எந்த இடத்தில் வெட்டித் திறப்பு வைப்பது, எப்படிப் புகை கசியாமல் மூடி போடுவது என்று தம்பி கற்று வந்துவிட்டால், ஒவ்வொரு புதிய கடையிலும் முதல் நாளே நீங்கள் பில் போடக்கூடிய இன்னொரு வேலை அது.